கிரவுன்-பினியன் மாற்றியபின் எந்த ஆயில்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய டயர் மாட்டியதும் வண்டி இழுக்கத் திணறுகிறது. அதற்காகப் பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் வீல், பினியன் என்ற பற்சக்கர ஜோடியை மாற்றுகிறோம்; 3.73 ரேஷியோவைக் (கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்ற பினியன் சுற்றும் எண்ணிக்கை) கழற்றிவிட்டு 4.56 போடுகிறோம். அவ்வளவு வேலையும் முடிந்து, இந்தச் சக்கரங்கள் இருக்கும் டிஃபரென்ஷியலின் மூடியை மாட்டும்போது, "இருப்பதிலேயே விலை அதிகமான சிந்தெடிக் ஆயிலை ஊற்றிவிடு" என்று சொல்லிவிடுகிறோம். நல்ல எண்ணம்தான், ஆனால் முதல் தவறும் அதுதான். இப்போது ஊற்றுவது நிலையாக இருக்கப்போகிற ஆயில் அல்ல. ஏறக்குறைய 800 கிலோமீட்டரில் வடிக்க வேண்டிய ஆயில்.

புதிய கிரவுன் வீலும் பினியனும் பார்க்க வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் பற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. பெரும்பாலும் பாஸ்பேட் பூச்சும் இருக்கும். ஓட ஓட இவை உரசிச் சமமாகும். உரசி உதிர்ந்த இரும்புத்தூள் ஆயிலில்தான் கலக்கும். எஞ்சினைப் போல இங்கே ஃபில்டர் கிடையாது. காந்தம் இருந்தாலும் கொஞ்சத்தைத்தான் பிடிக்கும். மிச்சத்தூள் புது பேரிங்குகளுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பல கியர் தயாரிப்பாளர்கள் முதலில் சாதாரண மினரல் ஆயிலை ஊற்றி, 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறார்கள். பெட்டியோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அந்த முதல் ஆயிலை எரித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் கையில்தான் இருக்கிறது. முதல் ஓட்டம் 15 முதல் 20 நிமிடம், மிதமான வேகத்தில் போதும். அப்புறம் அரைமணி நேரமாவது நிறுத்தி ஆறவிட வேண்டும். ஒன்றிரண்டு முறை இப்படிச் செய்வது நல்லது. முதல் 800 கிலோமீட்டருக்குள் டிரெய்லர் இழுப்பது, முழு பாரம் ஏற்றுவது, நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் விரட்டுவது எதுவும் வேண்டாம். பழகாத பற்கள் உரசும்போது சூடு வழக்கத்தைவிட அதிகம். அந்தச் சூட்டில் பல்லின் கடினத்தன்மை போய்விட்டால், பிறகு எந்த ஆயிலாலும் அதை மீட்க முடியாது. ஆசையாகப் போட்ட கியர் முதல் வாரத்திலேயே வீணாவதைப் பார்ப்பது கஷ்டம், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அடுத்த குழப்பம் கியர் ஆயிலின் தர வகைகளான ஜிஎல்-4, ஜிஎல்-5. பெரும்பாலான பின் ஆக்சில்களில் இருப்பது ஹைபாய்டு கியர். அதில் பினியன், கிரவுன் வீலின் மையக்கோட்டில் இல்லாமல் சற்று விலகி இருக்கும். ஆகவே பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழியாமல் காப்பது கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள். ஜிஎல்-5ல் அவை அதிகம்; ஜிஎல்-4ல் ஏறக்குறைய பாதிதான். கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 மிச்சம் இருக்கிறதே என்று டிஃபரென்ஷியலில் ஊற்றக் கூடாது.

"கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு" என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. 4.56க்கு மாறும்போது, டயர் பழைய அளவிலேயே இருந்தால், அதே வேகத்தில் பினியன் 22 சதவீதம் வேகமாகச் சுற்றும். டயரையும் பெரிதாக்கியிருந்தால் இந்த வித்தியாசம் குறையும். தேவையில்லாமல் மிகக் கெட்டியான 140 கிரேடு ஊற்றினால், அதைக் கலக்குவதிலேயே சூடும் எரிபொருளும் வீணாகும். குளிரில் பினியன் பேரிங்குக்கு ஆயில் தாமதமாகப் போகும். வழக்கமான ஓட்டத்துக்குப் பல ஆக்சில்களில் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 போதும். அடிக்கடி கனமான டிரெய்லர் இழுக்கிறவர்களுக்குச் சில தயாரிப்பாளர்கள் 75டபிள்யூ-140 சொல்கிறார்கள். முடிவு செய்ய வேண்டியது ஆக்சிலின் கையேடுதான்.

டிஃபரென்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையா என்றும் பாருங்கள். கிளட்ச் தட்டு உள்ளவற்றுக்கு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (தட்டுகளின் உரசலைச் சீராக்கும் சேர்மம்) தேவைப்படலாம். இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போது கடகடவென்று அதிரும். சில ஆயில்களில் அது ஏற்கெனவே கலந்திருக்கும். அதற்கு மேலும் ஊற்றினால் தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும். தட்டு இல்லாத ஹெலிகல் கியர் வகைக்கு அது வேண்டாம்.

வேலை முடிந்தபின் ஊளைச் சத்தம் கேட்டால், கெட்டி ஆயில் ஊற்றி அடக்கப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அந்தச் சத்தம் பெரும்பாலும் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான இடைவெளி), பினியன் ஆழம், பேரிங் பிரீலோடு (பேரிங்குக்கு முன்கூட்டியே தரும் இறுக்கம்) இவற்றில் ஏதோ சரியில்லை என்ற தகவல். சத்தத்தை மூடினால் தேய்மானம் நிற்காது.

அளவிலும் கவனம் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றுவது வழக்கம். ஆனால் வண்டியை உயர்த்தி, பினியன் முகத்தையும் மேல்நோக்கித் திருப்பியிருந்தால், அதே அளவு பினியன் பேரிங்குக்குப் போதாமல் போகலாம். அதற்காக அளவில்லாமல் ஊற்றினாலும் நுரைத்து, ப்ரீதர் (காற்று போகும் துளை) வழியாகவோ சீல் வழியாகவோ வெளியேறும். மூடிக்குப் போட்ட சீலன்ட் காயும்வரை பொறுத்திருந்து ஊற்றுங்கள்.

800 கிலோமீட்டரில் வடிக்கும்போது, முதலில் நிரப்பும் துளையின் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது திறக்காவிட்டால், வடித்தபின் மறுபடி ஊற்ற வழியிருக்காது. காந்தத்தில் சாம்பல்நிறப் பசைபோல் ஒட்டியிருந்தால் இயல்புதான். விரும்பினால் இப்போது அந்த விலை அதிகமான சிந்தெடிக்கை ஊற்றலாம். விரலில் குத்தும் சில்லுகளோ பல் துண்டுகளோ இருந்தால், புது ஆயில் ஊற்றாமல் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.