"மிரட்டினார்கள்" என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது

நெல்லைச் சீமையில் ஆளுங்கட்சிக்கு எதிராக முதன்முதலாக உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவர்கள், முறை வைத்தாற்போல் ஒரே பிழைகளைச் செய்கிறார்கள். ஆளுங்கட்சி மாறுகிறது, பிழை மாறுவதில்லை. பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து தந்த 73ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் முதல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது 1996இல்தான். ஊர் மட்டத்தில் நம் ஜனநாயகத்துக்கு இன்னும் இளவயதுதான். வேட்புமனுவில் எழுத்துப்பிழை, விடுபட்ட கையெழுத்து போன்றவை பரிசீலனையிலேயே தெரிந்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

ஒரு வரிப் புகார்

"என்னை எதிர்த்தரப்பினர் மிரட்டுகிறார்கள். தக்க நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." இந்த இரண்டு வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. மிரட்டல் உண்மையாகவே நடந்திருக்கும். அதை எழுதியவரே வெறும் காகிதமாக்கிவிடுகிறார்.

தேர்தலில் ஒருவரை மிரட்டி நெருக்குவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 174ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றமல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவுப்படி மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். (இரண்டு சட்டத்திலும் எண் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.) ஆகவே ஸ்டேஷனில் புகார் வந்ததற்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் தருவார்கள், அது எஃப்ஐஆர் அல்ல. வாக்குப்பதிவு முடியும்வரை அது சட்டைப்பையில் கிடக்கும்.

இப்போது நடந்ததைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வேட்புமனு வாபஸ் கெடுவுக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணி. குளத்துக்கரையில் வேட்பாளரின் வண்டிக்குக் குறுக்கே இரண்டு பைக் நிற்கிறது. ஒருவர் சாவியைப் பிடுங்கிக்கொள்கிறார். இன்னொருவர் குரலை உயர்த்தாமல் சொல்கிறார்: "அண்ணாச்சி, ஒங்க மவன் டெய்லி பைக்லதான காலேஜுக்குப் போறான்? பாத்துக்கிடுங்க." இருபது நிமிஷம் கழித்துச் சாவி திரும்பக் கிடைக்கிறது.

மறுநாள் புகாரில் இது "கொலை மிரட்டல் விடுத்தனர்" என்று மாறுகிறது. விசாரணைக்கு வந்தவர், "பிள்ளையைப் பத்திரமா பாத்துக்கிடச் சொன்னேன், அது தப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

வழியை மறித்தது நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவு. போகவிடாமல் அடைத்து நிறுத்தியிருந்தால் 127. வீட்டுக்குள் நுழைந்திருந்தால் 329. இவையெல்லாம் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியவை. இத்தகைய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆகவேண்டும் என்பது 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு அந்தச் செயல் புகாரில் இருக்க வேண்டும்.

ஆகவே தேதி, மணி, எந்தக் குளத்துக்கரை, எந்தக் கடைக்கு எதிரே, வண்டி எண், சாவியைப் பிடுங்கியது யார், எத்தனை நிமிஷம் நிறுத்தினார்கள் என்பதை எழுதுங்கள். பேசிய வார்த்தையைப் பேசியபடியே, நெல்லைத் தமிழிலேயே எழுதுங்கள். செந்தமிழாக்கினால் மிரட்டல் செத்துவிடும். பார்த்தவர் பெயர் இருக்கட்டும். உங்கள் கட்சிக்காரரைவிடக் கடைக்காரர் சாட்சி பலம். அன்றிரவே கொடுங்கள், இன்னொரு பிரதியில் சீல் வாங்குங்கள். தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் நகல் போகட்டும். வழக்குப் பதியவில்லையென்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)இன்படி எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

வேட்பாளர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினராக இருந்து, மிரட்டியவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எல்) நேராகப் பொருந்தும். மனு போடவிடாமல் தடுப்பதும், வாபஸ் வாங்க வைப்பதும் அதில் பெயர் சொல்லிக் குற்றமாக்கப்பட்டிருக்கின்றன. 18ஏ பிரிவின்படி எஃப்ஐஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. இரு தரப்பின் சாதியையும் புகாரில் எழுதாமல் விடுவதால் எத்தனையோ வழக்குகள் இந்தச் சட்டத்துக்குள் வராமலே போகின்றன. தாழையூத்துப் பஞ்சாயத்துத் தலைவி கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டார், உயிர் பிழைத்தார். ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது 2024இல். பதின்மூன்று வருஷம் நிற்க வேண்டிய காகிதம் அது என்று நினைத்து எழுதுங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து

கூடாது. உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இருந்தால் வாபஸ் படிவத்தை முன்மொழிந்தவரே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்த வாபஸைத் திரும்பப் பெற முடியாது. அப்புறம் முடிவு வந்தபின் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடுவதுதான் வழி. 2021இல் நெல்லையில் செப்டம்பர் 22 மனுத்தாக்கல் முடிவு, 23 பரிசீலனை, 25 பிற்பகல் 3 மணி வாபஸ் கெடு. நெருக்கடி முழுவதும் அந்த மூன்று நாளில்தான். அப்போது முன்மொழிந்தவரையும் தனியே விடாதீர்கள்.

ஊர்க்கூட்டத்துக்குத் தனியாகப் போவது

ஒன்றிய, மாவட்ட வார்டுகளுக்குத்தான் கட்சிச் சின்னம். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் அங்கே நெருக்கடி "ஊர்க் கட்டுப்பாடு" என்ற பெயரில் வரும். கூப்பிட்டால் இரண்டு பேரோடு போங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

திங்கள்கிழமைக்குக் காத்திருப்பது

தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டம் நடக்காது. மனுப் போடப் பெட்டிதான் வைத்திருப்பார்கள்.

பதிலுக்கு ஆள் சேர்ப்பது

வேண்டாம். எதிர்வழக்கு வரும்.

ஆடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஃபோனை மாற்றுவது

பதிவான ஃபோனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். கோர்ட்டுக்கு, சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) கேட்பார்கள். பலமுறை ஃபார்வர்டு ஆகி வந்த கோப்பு, முதலில் பதிவானதுதான் என்று காட்டுவது கடினம். ஒரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்து, எடுத்த தேதியைக் கையால் எழுதி, வக்கீலிடம் கொடுத்துவையுங்கள்.