லிங்க் ஆகும்போது கம்பைலரின் ரன்டைம் லைப்ரரி மட்டும் சிக்காமல் போனால்

சோர்ஸ் எல்லாம் கம்பைல் ஆகி, கடைசியில் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் வந்து '__முலோடிஐ4'க்கு அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் (அழைப்பு இருக்கிறது, ஃபங்ஷன் எங்கும் இல்லை) என்று நின்றுவிடும். நீங்கள் எழுதாத ஃபங்ஷன், கோடில் தேடினாலும் கிடைக்காது. 128 பிட் பெருக்கலில் ஓவர்ஃப்ளோ பார்க்க கிளாங் என்ற சி/சி++ கம்பைலரின் பழைய பதிப்புகள் தானாகவே செருகும் அழைப்பு அது. கம்பைலர் இப்படித் தானாகக் கூப்பிடும் ஃபங்ஷன்கள் இருக்கும் இடம்தான் ரன்டைம் லைப்ரரி. இது கிளாங் தரப்பு லைப்ரரியான கம்பைலர்-ஆர்டியில் உண்டு, ஜிசிசி கம்பைலரின் லைப்ரரியான லிப்ஜிசிசியில் கிடையாது. லினக்ஸில் கிளாங் பெரும்பாலும் லிப்ஜிசிசியைத்தான் இணைக்கும் என்பதால் வந்த வினை.

முதலில் லிங்க் கட்டளையை '-வி' சேர்த்து ஓட்டி, லிங்கருக்கு உண்மையில் என்ன போகிறது என்று பாருங்கள். வழக்கமான லைப்ரரிகளைச் சேர்க்காதே என்று சொல்லும் '-நோடிஃபால்ட்லிப்ஸ்' இருந்தால் லிப்ஜிசிசியே போகாது, அப்போது '-எல்ஜிசிசி'யை வரியின் கடைசியில் நீங்களே சேர்க்க வேண்டும். முன்னால் போட்டால் பலிக்காது, ஸ்டாட்டிக் லைப்ரரியில் அதுவரை கேட்கப்பட்டதை மட்டுமே லிங்கர் எடுக்கும்.

முலோடிஐ4 வகையறா என்றால் '--ஆர்டிலிப்=கம்பைலர்-ஆர்டி' கொடுங்கள். லிங்கர் ஆப்ஷன்களுக்கான எல்டிஃபிளாக்ஸ் மாறியில் போட்டால் சில சமயம் லிப்டூல் (லைப்ரரிகளை பில்ட் செய்யும் கருவி) அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் (எனக்கு ஒரு சாயங்காலமே இதில் போனது), அதனால் எந்த கம்பைலர் என்று சொல்லும் சிசி மாறியிலேயே கிளாங்கோடு ஒட்டி எழுதிவிடுவது நல்லது.

அப்புறம் '_அன்வைண்ட்_ரெஸ்யூம்' காணோம் என்று வந்தால் பயப்படாதீர்கள், கம்பைலர்-ஆர்டியில் அன்வைண்டர் (எக்ஸெப்ஷன் வந்தால் ஃபங்ஷன் அழைப்புகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும் பகுதி) இல்லை, '--அன்வைண்ட்லிப்=லிப்ஜிசிசி'யையும் சேர்த்தால் சரி. பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு கான்ஃபிகர் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுங்கள், பழைய கேஷ் இருந்தால் மாற்றியது எதுவும் ஏறாது.