சின்ன சமையலறையில் கிரைண்டர் வேண்டுமா, மிக்ஸியே போதுமா?

சமையல் மேடையே நாலடிதான், இதில் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், வாரத்துக்கு எத்தனை தடவை மாவு அரைக்கிறோம் என்று பாருங்கள். இரண்டு பேர், எப்போதாவது தோசை என்றால் மிக்ஸியே தாராளம். ஆனால் உளுந்தை ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஜார் சூடானால் மாவு சரியாகப் பொங்காது, இட்லி தட்டையாகிவிடும்.

நாலைந்து பேர், வாரம் முழுக்க இட்லி தோசை என்றால் தயங்காமல் கிரைண்டர் வாங்குங்கள், கல்லில் நிதானமாக அரைபடும் உளுந்தில் மாவு பொங்கி வரும் அளவுக்கு மிக்ஸியில் வராது. ஆனால் வாங்கும் முன் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். ஒன்று எடை: 2 லிட்டர் மாடலே பெரும்பாலும் 10 கிலோவைத் தாண்டும், அலமாரியில் வைத்துத் தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம், பிளக் பாயிண்ட் பக்கத்தில் நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்க முடிந்தால்தான் சரி. அப்புறம் கழுவும் வேலை. மாவை வழித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டால் கல்லில் ஒட்டியதெல்லாம் கழன்றுவிடும், அந்தத் தண்ணீரையும் மாவிலேயே கலந்துவிடலாம். தேங்காய்த் துருவி, சப்பாத்தி மாவு பிசையும் இணைப்பெல்லாம் சேர்த்து விற்கும் மாடலுக்குக் கூடுதல் பணம் தரவேண்டாம், அதையெல்லாம் வைக்கவும் இடம் வேண்டும்.