பிறருக்கு உதவவும் நட்பாகப் பழகவும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எப்படி?

உதவி செய்யும் ஆசையைப் பிள்ளைக்கு நாம் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. 2006-இல் ஃபீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 18 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கையிலிருந்த பொருளைக் கீழே விட்டுவிட்டு எட்டாமல் தவிக்கிறார். யாரும் சொல்லாமல், பரிசு ஏதும் இல்லாமல், குழந்தைகள் தாங்களாகவே போய் எடுத்துக் கொடுத்தன.

பிறகு அந்த ஆசை எங்கே போகிறது? நிறைய வீடுகளில் நாமே அணைத்துவிடுகிறோம் என்றுதான் நினைக்கிறேன். துணி மடிக்கும்போது இரண்டு வயதுப் பிள்ளை ஆசையாக ஓடி வரும், நமக்கோ அவசரம், "நீ போய் விளையாடு, நான் முடிச்சுடறேன்" என்று அனுப்பிவிடுவோம். அனுப்பாதீர்கள். பத்து நிமிடம் கூடுதலாகப் போனால் போகட்டும். காலுறைகளை ஜோடி சேர்ப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சிந்தியதைத் துடைப்பது என்று நிஜமான வேலையைக் கொடுங்கள். அது கோணல்மாணலாக மடித்து வைத்ததை அதன் கண் முன்னாலேயே பிரித்து மறுபடி மடிக்காதீர்கள்.

ஸ்டிக்கர், பொம்மை என்று ஒவ்வொரு உதவிக்கும் பரிசு தருவதும் வேண்டாம். அதே ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தபோது, பரிசு வாங்கிப் பழகியவர்கள் பிற்பாடு குறைவாகவே உதவினார்கள். அதைவிட, நடந்ததைச் சொல்லுங்கள்: "நீ எடுத்துக் கொடுத்ததால எனக்குக் குனிய வேண்டியிருக்கல." இவ்வளவு போதும்.

அப்புறம் நட்பு. இரண்டு வயதுக் குழந்தைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு விளையாட்டு விளையாடுவார்கள். "சேர்ந்து விளையாடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள், அந்த வயதில் தனித்தனியாக விளையாடுவதுதான் இயல்பு. குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். அடுத்தவர் மனதில் ஓடுவது தன் மனதில் ஓடுவதிலிருந்து வேறாக இருக்கலாம் என்பது ஏறக்குறைய நான்கு வயதில்தான் நன்றாகப் பிடிபடும். அதனால் இரண்டு வயதுப் பிள்ளையிடம் "அவ மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சியா?" என்று கேட்டுப் பயனில்லை. "பாரு, அவ அழறா, பந்து போயிடுச்சு" என்று கண்ணுக்குத் தெரிவதைக் காட்டுங்கள்.

பகிர்ந்துகொள்ளச் சொல்லிக் கையிலிருப்பதைப் பிடுங்கிக் கொடுத்தால், பெரியவர் பிடுங்கலாம் என்பதைத்தான் பிள்ளை கற்கும். "நீ விளையாடி முடிச்சதும் அவனுக்குக் கொடு" என்று சொல்லிவிட்டு, காத்திருக்கும் பிள்ளையோடு நாம் இருக்கலாம். தோழன் வருவதற்கு முன்னால், யாருக்கும் தர மனமில்லாத இரண்டு பொம்மைகளைப் பிள்ளையையே எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள், பாதிச் சண்டை குறையும்.

சாரி சொல்ல வைக்கும் விஷயத்தில் நான் தவறு செய்திருக்கிறேன். என் மகளுக்கு மூன்று வயது இருக்கும், தோழன் அடுக்கிய கோபுரத்தைத் தட்டிவிட்டாள், நான் அதட்டிச் சாரி சொல்ல வைத்தேன், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பையனின் அழுகையும் நிற்கவில்லை. அடுத்த முறை அப்படி நடந்தபோது முதலில் அழுத பிள்ளையைத் தேற்றிவிட்டு, அவளிடம் "என்ன செஞ்சா அவனுக்குச் சரியாகும்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒவ்வொரு கட்டையாகப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தாள்.

நான்கைந்து வயதில் பல பிள்ளைகள் திணறுவது, ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்குள் நுழைவதில். "நானும் வரட்டுமா?" என்று கேட்டால் "வேணாம்" என்று சட்டென்று பதில் வந்துவிடும். அதனால் முதலில் ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள், என்ன விளையாட்டு, அதற்கு என்ன தேவைப்படுகிறது என்று. பாலம் கட்டுகிறார்களா, ஒரு கட்டையைக் கொண்டுபோய், "இது உங்களுக்கு வேணுமா?" என்று நீட்டலாம். வீட்டிலேயே பொம்மைகளை வைத்து இதை நடித்துப் பார்க்கலாம்; சில முறை பொம்மை "வேணாம்" என்று சொல்லட்டும், அப்போது "சரி, அப்புறமா வரேன்" என்று சொல்லிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போவதையும் சேர்த்தே பழக்குங்கள்.