தாராவியில் ஓர் ஆவணப்படத் திரையிடல்: முதல்முறை நடத்துகிறவர்களுக்கு

நம் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்), சங்கத்தில், பால்வாடி ஹாலில் ஒரு நல்ல ஆவணப்படத்தை எல்லாரும் சேர்ந்து இலவசமாகப் பார்க்க வழி செய்யலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராவி, சயான், மாட்டுங்கா, பாண்டூப் பக்கத் தமிழர்கள்தான் என் மனதில் இருக்கிறார்கள். செலவு குறைவு, அலைச்சல் அதிகம். ஆனாலும் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை.

1. முதலில் ஒரு திரையிடலுக்குப் போய் வாருங்கள்

ஆவணப்படத்துக்கு மும்பை நல்ல ஊர். 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன், அதாவது ஆவணப்படமும் நியூஸ் ரீலும் எடுத்த மத்திய அரசு நிறுவனம், இங்கே பெடர் ரோட்டில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் தியேட்டரில் படத்துக்கு முன்னால் ஓடிய நியூஸ் ரீலை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். 1990இல் இங்கே தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழாவை இப்போது மிஃப் (மும்பை சர்வதேசத் திரைப்பட விழா) என்கிறார்கள். 2004 விழாவுக்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும் என்று சொல்லப்போய், இயக்குநர்கள் எதிர்த்துத் திரண்டார்கள். அப்படித்தான் விகல்ப் என்கிற ஆவணப்பட இயக்குநர்களின் அமைப்பு பிறந்தது. ஜூஹுவில் பிருத்வி நாடக அரங்கின் பக்கம் அவர்கள் இலவசமாகப் படம் போட்டு, முடிந்ததும் இயக்குநரோடு மக்களைப் பேச வைத்தார்கள்.

அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போனால் நடத்துகிறவரைக் கவனியுங்கள். விளக்கு போட்டதிலிருந்து முதல் கேள்வி வரும்வரை அவர் என்ன செய்கிறார் என்பதில் பாதித் தொழில் இருக்கிறது.

2. படம்: மொழியை முதலில் பாருங்கள்

நம் ஆட்களில் பெரியவர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க வராது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசுவார்கள். ஆனால் அவர்களில் பலர் பள்ளியில் படித்தது இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் என்பதால் தமிழ் எழுத்து கைகொடுக்காது. ஆகவே முதல் படம் காதால் கேட்டே புரிகிற தமிழிலோ இந்தியிலோ இருக்கட்டும். 30 முதல் 60 நிமிடம் போதும்.

வேறு மொழிப் படம்தான் போட்டாக வேண்டும் என்றால், குரல் நன்றாக இருக்கிற ஒருவரை மைக்கோடு ஓரத்தில் உட்கார வையுங்கள். அவர் முன்கூட்டியே படத்தை முழுசாகப் பார்த்துக் குறிப்பு எடுத்திருக்க வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். யார் பேசுகிறார், என்ன கேட்கிறார், எதற்கு அழுகிறார் என்று சொன்னால் போதும். மற்ற நேரம் படத்தைப் பேச விட வேண்டும்.

தாராவிக்குக் குடிசைப் படம்தான் பொருத்தம் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடல், யானை, கூத்து, பருத்தி என்று எதைப் பற்றிய படத்தையும் பார்க்க நம் மக்களுக்கு உரிமை உண்டு.

3. அனுமதி வாங்குங்கள்

டிக்கெட் இல்லை என்பதால் அனுமதியும் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். யூடியூபில் கிடைக்கிற படமானாலும் எடுத்தவருக்கு எழுதிக் கேட்பதுதான் முறை. 2000இல் டில்லியில் தொடங்கிய பிஎஸ்பிடி (பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் டிரஸ்ட்) என்கிற அறக்கட்டளை ஆதரித்த ஆவணப்படங்கள் பல யூடியூபில் இருக்கின்றன. தேடலை அங்கே தொடங்கலாம். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். தாராவியில் எங்கள் குடியிருப்பு மக்களுக்காக இன்ன தேதியில், இன்ன ஹாலில், சுமார் 60 பேருக்கு உங்கள் படத்தை ஒருமுறை இலவசமாகத் திரையிட விரும்புகிறோம். கட்டணம், நன்கொடை, விளம்பரம் எதுவும் கிடையாது. யாருக்கும் பிரதி எடுத்துத் தர மாட்டோம். முடிந்ததும் அரை மணி நேரம் பேசுவோம். நீங்களும் வந்தால் மகிழ்ச்சி."

தணிக்கைச் சான்றிதழ் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பொதுத் திரையிடலுக்கு அது வேண்டும் என்கிறது 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம்.

4. இடமும் நாளும்

ஞாயிறு மாலை 6 மணி நல்ல நேரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பத்ரா கூரைக்கு, அதாவது தகரக் கூரைக்கு, கீழே படம் போடாதீர்கள். மழை கொட்டினால் ஒரு வார்த்தையும் கேட்காது. திறந்த வெளி என்றால் ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் போடவும் கூடாது.

5. கருவிகள்: ஒலிதான் முக்கியம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனம் பொறுத்துக்கொள்ளும். பேச்சு கேட்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடும். அதனால் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரையோ புரொஜெக்டருக்குள் இருக்கிற ஸ்பீக்கரையோ நம்பாதீர்கள். இரண்டு ஸ்பீக்கரைத் திரைக்கு இரு பக்கமும், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். வெறும் சுவர் ஹாலில் எதிரொலிக்கும். தரையில் ஜமுக்காளம் விரித்து, ஜன்னலில் தடித்த கறுப்புத் துணி கட்டினால் ஒலியும் அடங்கும், வெளிச்சமும் நிற்கும். படத்தில் யாராவது மெதுவாகப் பேசுகிற இடத்தை ஓடவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்று கேளுங்கள்.

சாதாரண வாடகை புரொஜெக்டரில் 6 அடி அகலப் படம் வர சுமார் 10 முதல் 12 அடி தள்ளி வைக்க வேண்டியிருக்கும். தரையில் உட்காருகிற கூட்டம் என்பதால் திரையின் கீழ் ஓரம் 4 அடி உயரத்தில் இருக்கட்டும். எச்டிஎம்ஐ கேபிளையும் நீண்ட எக்ஸ்டென்ஷன் போர்டையும் நடைவழியில் விடாமல் சுவரோரமாகக் கொண்டுபோய் டேப் ஒட்டுங்கள்.

படத்தை நெட்டிலிருந்து நேரடியாக ஓட்ட வேண்டாம். இயக்குநரிடம் கோப்பாகக் கேட்டு வாங்கி, லேப்டாப்பிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். விஎல்சி பிளேயர் போதும். சப்டைட்டில் தனிக் கோப்பாக வந்தால், படத்தின் பெயரையே அதற்கும் வைத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள், தானாகவே வரும். பேச்சுக்கு முன்னோ பின்னோ ஓடினால் ஜி, எச் விசைகளால் சரிசெய்யலாம். வாட்ஸ்அப்பை மூடுங்கள், திரை தானாக அணைகிற அமைப்பையும் நிறுத்துங்கள்.

6. அழைப்பு

வாட்ஸ்அப் போஸ்டர் இளைஞர்களைக் கொண்டுவரும். பெண்கள் வர வேண்டுமென்றால் கல்லி கல்லியாக, சந்து சந்தாகப் போக வேண்டும். "அக்கா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம் போடுறோம், காசு கிடையாது, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. எட்டு மணிக்கு முடிஞ்சிரும்." முடிகிற நேரத்தைச் சொல்ல மறக்காதீர்கள். சமையலை அதற்குத் தகுந்தாற்போல் முடித்துவிட்டுத்தான் அவர்களால் வர முடியும்.

7. பேச்சு

இத்தனை பாடும் இந்த அரைமணி நேரத்துக்காகத்தான். டீயைக் கடைசிக்கு வைத்தால் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். விளக்கு போட்டதுமே கொடுங்கள். கையில் கிளாஸ் இருக்கும்போது யாரும் கிளம்ப மாட்டார்கள். "படம் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "எந்த இடத்துல உங்களுக்குக் கோவம் வந்துச்சு?" என்றோ, "அந்த அம்மா செஞ்சது சரியா?" என்றோ கேளுங்கள். முதல் மைக் பின்வரிசையில் இருக்கிற ஒரு பெண்ணுக்குப் போகட்டும். மேடைப் பழக்கம் உள்ள அண்ணன் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். "அண்ணே, ஒரு மூணு பேர் பேசினதும் உங்ககிட்ட வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லி வையுங்கள். ஒரு பிள்ளையை உட்கார வைத்துக் கேள்விகளையெல்லாம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மறுநாளே அந்தக் கேள்விகளை இயக்குநருக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பதில் வந்தால் அதை அச்செடுத்து ஹால் கதவில் ஒட்டி, அதற்குக் கீழேயே அடுத்த படத்தின் தேதியைப் போடுங்கள்.