வராமல் போன எதிர்காலங்கள்: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1968 ஏப்ரலில் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ திரைப்படத்தில், அமெரிக்க அறிவியலாளர் ஒருவர் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் விண்கலத்தில் ஏறிப் பூமியைச் சுற்றும் நிலையத்துக்குச் செல்கிறார், அங்கிருந்து நிலவில் அமைந்த குடியிருப்புக்குப் பயணத்தைத் தொடர்கிறார். 2001ஆம் ஆண்டு பிறந்தபோது பான் ஆம் நிறுவனமே இல்லை. அது 1991 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. நிலவில் குடியிருப்பும் இல்லை. 1972 டிசம்பரில் திரும்பிய அப்பல்லோ 17 குழுவினருக்குப் பிறகு நிலவில் எவரும் கால் வைக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களைச் சுட்டிக்காட்டி, அறிவியல் புனைகதை எழுதியவர்கள் எதிர்காலத்தைத் தவறாகக் கணித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவது எளிது. அவர்கள் சொன்ன எதிர்காலம் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஏன் வரவில்லை என்பதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை பிழையானவை.

அவற்றுள் முதன்மையானது, தொழில்நுட்பம் போதாமையால்தான் அந்த எதிர்காலம் நின்றுபோயிற்று என்று நினைப்பது. மேற்சொன்ன படத்தை உருவாக்கியவர்கள் அறிவியல் அறியாமல் கற்பனை செய்தவர்கள் அல்லர். கதையை எழுதியவர்களில் ஒருவரான ஆர்தர் சி. கிளார்க், தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களைப் பற்றி 1945இலேயே எழுதியவர். 1956 முதல் தம் இறுதிக்காலம் வரை இலங்கையில் வாழ்ந்தவர். விண்கலங்களின் வடிவமைப்புக்கு உதவிய பிரெடரிக் ஆர்ட்வே, ஹாரி லாங்கே ஆகிய இருவரும் நாசாவில் பணியாற்றியவர்கள். அவர்களுக்கு முன்னே, மனிதரை நிலவுக்கு ஏற்றிச் செல்வதற்கான சாட்டர்ன் 5 ராக்கெட் இருந்தது. அடுத்த ஆண்டே மனிதர் நிலவில் இறங்கவும் செய்தார்கள். அந்த வேகம் தொடரும் என்று பொதுமக்களும் நம்பினார்கள்: பான் ஆம் தொடங்கிய நிலவுப் பயணக் காத்திருப்புப் பட்டியலில் 93,000 பேருக்கு மேல் பெயர் பதிந்திருந்தார்கள்.

குறைந்துபோனது பணமும், அந்தப் பணத்தைத் தந்த அரசியல் காரணமும். சோவியத் ஒன்றியத்தின் யூரி ககாரின் 1961 ஏப்ரலில் விண்வெளிக்குச் சென்ற அடுத்த மாதமே, நிலவுக்கு மனிதரை அனுப்பும் இலக்கை அமெரிக்க அதிபர் கென்னடி அறிவித்தார். 1966இல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் 4 விழுக்காட்டுக்கும் மேல் நாசாவுக்குப் போயிற்று. 1970களின் நடுவில் அது ஒரு விழுக்காடு அளவுக்கு இறங்கிவிட்டது. போட்டியில் வெல்வதற்காக ஒதுக்கப்பட்ட பணம், வெற்றி கிடைத்தபின் தொடர்ந்து வருவதற்குக் காரணமே இருக்கவில்லை. சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உற்பத்தியைப் பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளும் முடிவு, படம் வெளிவந்த அதே 1968இல்தான் எடுக்கப்பட்டது. திட்டமிடப்பட்டிருந்த மேலும் மூன்று அப்பல்லோ பயணங்கள் 1970இல் கைவிடப்பட்டன. ஆகவே கிளார்க்கும் அவருடன் உழைத்தவர்களும் தவறியது ராக்கெட் கணக்கில் அன்று. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அஞ்சிச் செய்த செலவை, மனித குலம் தன் விருப்பத்தால் செய்யும் நிலையான செலவு என்று எடுத்துக்கொண்டதில்தான். இந்த வேறுபாட்டைக் காணாமல் அறிவியல் தோற்றுவிட்டது என்று எழுதுவது, அந்தப் பொறியாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இதனோடு ஒட்டிய மற்றொரு தவறு, ஒரு துறையின் வளர்ச்சிக்கோட்டை அப்படியே நீட்டிப் பார்ப்பது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல்; நிலவில் மனிதர் இறங்கியது 1969இல். 66 ஆண்டுகளில் இவ்வளவு தொலைவு வந்தவர்கள் அடுத்த 66 ஆண்டுகளில் எங்கே இருப்பார்கள் என்று எண்ணியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1958இல் சேவைக்கு வந்த போயிங் 707 விமானத்தின் வேகத்துக்கும் இன்று நாம் ஏறும் பயணிகள் விமானத்தின் வேகத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டு, பயணிகள் குறைந்து பராமரிப்புச் செலவு ஏறியதால் 2003இல் ஓய்வு பெற்றது. வளர்ச்சி ஓரிடத்தில் தட்டையாகி, யாரும் எதிர்பாராத வேறோரிடத்தில் செங்குத்தாக ஏறும். 1950களின் கதைகளில் கோள்களுக்கிடையே பறந்த வீரர்கள் சிலர், கையடக்கக் கணினிக்குப் பதில், கையில் கணக்குப் போடும் நழுவு சட்டத்தை வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

கிளார்க்கின் 1945ஆம் ஆண்டுக் கட்டுரை இதைவிட நுட்பமான ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று அவர் எழுதினார். 1960களில் அது நிறைவேறியது. எனவே நிறைவேறிய கணிப்புகளின் பட்டியலில் அக்கட்டுரை எப்போதும் முதலிடம் பெறுகிறது. ஆனால் அவர் மனத்தில் இருந்தவை மனிதர் தங்கிப் பணியாற்றும் நிலையங்கள். அக்கால மின்னணுக் கருவிகள் வால்வுகள் எனப்படும் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. வால்வு எரிந்துபோனால் மாற்றுவதற்கு ஆள் வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1947 டிசம்பரில், பெல் ஆய்வுக்கூடத்தில், வால்வுக்கு மாற்றான சிறிய டிரான்சிஸ்டர் பிறந்தது. ஆளில்லாமலேயே ஆண்டுக்கணக்கில் இயங்கும் செயற்கைக்கோள் சாத்தியமாயிற்று. மேலே மனிதர் குடியேறுவதற்கு இருந்த வலுவான காரணங்களில் ஒன்று மறைந்தது. ஒரே கட்டுரையில் நிறைவேறிய பாதியும் நிறைவேறாத பாதியும் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் உருவி எடுத்து வெற்றி அல்லது தோல்வி என்று முத்திரை குத்துவது தவிர்க்க வேண்டிய தவறு.

தேர்ந்தெடுத்து எண்ணும் இப்பழக்கம் பரவலானது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1964 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 2014இல் உலகம் எப்படி இருக்கும் என்று எழுதினார். பேசுபவரைப் பார்த்துக்கொண்டே தொலைபேசலாம் என்பதையும், ரோபோக்கள் அப்போது பரவலாகவோ சிறப்பாகவோ இருக்கமாட்டா என்பதையும் அவர் சரியாகச் சொன்னார். அதே கட்டுரையில், வீட்டுச் சாதனங்கள் கதிரியக்க ஐசோடோப்பு மின்கலங்களால் மின்கம்பியின்றி இயங்கும் என்றும், கடலடியில் வீடுகள் கட்டப்படும் என்றும் சொன்னார். முன்னவற்றை மட்டும் பகிர்ந்தால் அவர் தீர்க்கதரிசி. பின்னவற்றை மட்டும் பகிர்ந்தால் ஏமாளி. முழுக் கட்டுரையையும் படிப்பவருக்கு, 1964இல் அணுசக்தியின் மேல் ஓர் அறிஞருக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பது தெரியவரும்.

எந்த ஆண்டில் நின்று தீர்ப்புச் சொல்கிறோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முன்சொன்ன படத்தில், விண்வெளி நிலையத்திலிருந்து தந்தை தம் சிறு மகளைத் திரையில் பார்த்துப் பேசுகிறார். அதற்குக் கட்டணம் 1.70 டாலர். அந்தக் கருவி வெறும் கற்பனை அன்று. ஏடிஅண்ட்டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘பிக்சர்போன்’ என்ற பெயரில் அதைக் காட்டியது. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் வணிகச் சேவையாகவே தொடங்கியது. மாதக் கட்டணம் 160 டாலர். வாங்கியவர் அழைப்பதற்கு மறுமுனையிலும் அதே கருவி இருக்க வேண்டும். அது மிகச் சிலரிடமே இருந்தது. சேவை தோற்றது. 1980இல் ஒருவர் கணக்கெடுத்திருந்தால், வராமல் போன எதிர்காலங்களில் இதையும் ஐயமின்றிச் சேர்த்திருப்பார். பின்னர் இணையமும் மலிவான கேமராவும் வேறு தேவைகளுக்காக எல்லோர் கையிலும் வந்து சேர்ந்தபோது, காணொளி அழைப்பு தனிக் கட்டணம்கூட இல்லாமல் உடன்வந்தது. மனிதருக்கு விருப்பம் இல்லை என்று அன்று சொன்ன விளக்கமும் முழுமையானதன்று. விலையும் எண்ணிக்கையும்தான் தடையாக இருந்தன.

எல்லாக் கதைகளையும் கணிப்பு என்று எடுத்துக்கொள்வதே மற்றொரு பிழை. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ நாவலைப் பற்றி, தாம் விவரித்த, எல்லோரையும் கண்காணிக்கும் சர்வாதிகாரச் சமூகம் கட்டாயம் வரும் என்று தாம் நம்பவில்லை, அதைப் போன்ற ஒன்று வரக்கூடும் என்றே நம்புவதாக அவரே விளக்கினார். எச்சரிக்கை பலிக்கவில்லை என்றால் அதைத் தோல்வி என்று கொள்வது பொருந்தாது.

மக்கள்தொகைப் பேரழிவைச் சொன்ன கதைகளில் இது தெளிவாகத் தெரிகிறது. ஹாரி ஹாரிசன் 1966இல் எழுதிய நாவலில், 1999ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் மூன்றரைக் கோடிப் பேர் உணவுக்கும் நீருக்கும் தவிக்கிறார்கள். உண்மையில் 2000ஆம் ஆண்டு அந்நகரின் மக்கள்தொகை சுமார் 80 லட்சம். ஆனால் 1966இல் அந்த அச்சம் நியாயமானது: உலக மக்கள்தொகை ஆண்டுக்கு 2 விழுக்காட்டு வேகத்தில் பெருகிக்கொண்டிருந்தது, இந்தியா தானியத்துக்குக் கப்பலை எதிர்பார்த்திருந்தது. நாவல் வெளிவந்த அதே ஆண்டில் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதிக விளைச்சல் தரும் ஐஆர்8 நெல் ரகத்தை வெளியிட்டது. அமெரிக்க வேளாண் அறிவியலாளர் நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமையை எம். எஸ். சுவாமிநாதன் போன்றோர் இந்திய வயல்களுக்குக் கொண்டுவந்தார்கள். பஞ்சம் தானாக விலகவில்லை, உழைத்து விலக்கப்பட்டது.

தமிழிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 2020களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. அதில் சர்வாதிகாரி ஒருவர் ஆள்கிறார், குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி தேவை. அக்காலம் வந்துவிட்டது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். மக்கள்தொகையை நிலைநிறுத்தத் தேவையான அளவுக்கும் அது குறைவு. அனுமதிக் கடிதமும் சர்வாதிகாரியும் இல்லாமலே, பெண் கல்வியும் ஊரக மருத்துவமும் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையும் பெரும்பங்கு வகித்து எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன.