மேடும் படியும் உள்ள ஊரில் ஒலிப்பதிவாளருக்கு ஒரு மடக்கு வண்டி

படப்பிடிப்பு ஒலிப்பதிவுக்கென்று வெளிநாட்டில் விற்கிற வண்டிகளில் பெரும்பாலானவை ஸ்டுடியோ தரையையும் தார் ரோட்டையும் நினைத்துச் செய்தவை. மெக்லைனர், ரொக் அன் ரோலர் எல்லாம் நல்ல வண்டிகள்தான், அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் போய், காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதிகிற பிரட்டுக்களத்திலிருந்து தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு இறங்கிப் பாருங்கள். கொஞ்சம் கார்ட் ரோடு, அப்புறம் கல் படி, அப்புறம் தண்ணீர் ஓடுகிற ஒரு கான், அதன் மேல் ஒரு பலகை, அதைத் தாண்டினால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகிற பாதை. நாலு சின்னச் சக்கரம் வைத்த வண்டி முதல் படியிலேயே நின்றுவிடும். இங்கே செய்கிற வண்டியைப் பாதி நேரம் இரண்டு பேர் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். ஆகவே முதலில் தூக்குவதற்கு வசதியாகச் செய்யுங்கள், உருட்டுவதை அதற்குப் பிறகு யோசியுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருவதுதான்.

முதலில் தராசை எடுங்கள். வண்டியில் ஏறப்போகிற எல்லாவற்றையும் நிறுத்து எழுதுங்கள். ரெக்கோடரும் வயர்லஸ் ரிசீவர்களும் உள்ள பை சுமார் 7 கிலோ, பெட்டரி 2.5, மைக்கை நீட்டிப் பிடிக்கிற பூம் கம்பும் மைக்கைக் காற்றிலிருந்து மறைக்கிற காற்றுக்கூடும் 3, மைக் பெட்டி, கேபிள், ஹெட்போன், மழைத்துணி எல்லாம் சேர்த்து ஒரு 5 என்று வைத்தால் 18 கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். வண்டி 9 கிலோவுக்குள் நின்றால் மொத்தம் 27, ஆளுக்கு பதின்மூன்றரை. அது ஈரப் படியிலும் இறக்கி வைக்காமல் கொண்டுபோகக்கூடிய பாரம். வண்டியே 15 கிலோ என்றால் உங்கள் உதவியாளர் இரண்டாம் நாளே வேறு வேலை தேடுவார்.

பக்கத்து வெல்டிங் பாஸிடம் போய்ச் சொன்னால், "இரும்புல அடிச்சுத் தாரேன் தம்பி, உடையவே உடையாது" என்பார். உடையாதுதான், பாரத்தைத்தான் பார்க்க வேண்டும். 25 × 25 மில்லிமீட்டர், 1.2 தடிப்பு இரும்பு பொக்ஸ் பார் மீட்டருக்குச் சுமார் 900 கிராம். அதே அளவு அலுமினியம், 1.5 தடிப்பு, மீட்டருக்கு 380 கிராம். இந்த வண்டிக்கு 10 மீட்டர் சொச்சம் போகும். இரும்பில் சட்டகம் மட்டுமே 9 கிலோ, அலுமினியத்தில் 4 கிலோகூட வராது. ஜன்னலும் பார்ட்டிஷனும் செய்கிற கடைகளில் இந்த பார் கிடைக்கும், வெட்டியும் தருவார்கள்.

அலுமினியத்தை வெல்டிங் வைக்க வேண்டாம். டிக் வெல்டிங் தெரிந்த ஆள் மலையில் எளிதில் அகப்படமாட்டார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சூடு பட்ட இடத்தில் பாரின் பலம் பாதிக்குப் பாதி குறையலாம், அந்த இடம் எப்போதும் மூலையாகத்தான் இருக்கும். 3 மில்லிமீட்டர் தகட்டில் முக்கோணம் வெட்டி, மூலைக்கு மூலை ரிவெட்டும் போல்ட்டும் போடுங்கள். நட் எல்லாம் உள்ளே நைலோன் வளையம் உள்ளதாக இருக்கட்டும், குலுக்கலில் சாதாரண நட் தானாகக் கழன்றுவிடும். ஸ்டெயின்லஸ் போல்ட் அலுமினியத்தில் நேராகப் படக்கூடாது. ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும், நம்முடைய மூடுபனியில் ஈரம் காய்கிற நாளே குறைவு. பிளாஸ்டிக் கேன் ஒன்றை வெட்டி வொஷர் போடுங்கள், கொஞ்சம் கிரீஸும் தடவுங்கள்.

இனி வடிவம். மடக்குகிற இணைப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் இணைப்பு ஒவ்வொன்றும் ஆடும், ஆடுகிற ஒவ்வொன்றும் சத்தம் போடும். அடிச்சட்டம் 60 × 45 சென்டிமீட்டர். அதன் பின்விளிம்பில் கீல் வைத்து எச் வடிவத்தில் ஒரு நிமிர்சட்டம், 70 சென்டிமீட்டர் உயரம். முன்விளிம்பில் இன்னொன்று, ஆனால் இதன் கீலை 3 சென்டிமீட்டர் கட்டைமேல் ஏற்றி, சட்டத்தை 67ஆகக் குறையுங்கள். நிற்கும்போது இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும், பின்சட்டம் அந்தக் கட்டைகளுக்கு நடுவே அடங்குகிற அளவுக்கு ஒடுக்கமாக இருக்கட்டும். மடக்கும்போது முன்சட்டத்தை வெளிப்பக்கம் சாய்த்துவிட்டுப் பின்சட்டத்தை முதலில் படுக்க வையுங்கள், பிறகு முன்சட்டம் இடிக்காமல் அதன்மேல் படுக்கும். மேல்தட்டு தனியாகக் கழன்று வர வேண்டும், நாலு மூலையிலும் துளையில் செருகிப் பூட்டுகிற 8 மில்லிமீட்டர் பின் ஒவ்வொன்று. பின்களைச் சின்னச் சங்கிலியால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள், புல்லுக்குள் விழுந்த பின்னை அட்டைக்கடியோடு தேட வேண்டியிருக்காது. மடக்கினால் எல்லாம் சேர்ந்து 80 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 15 தடிப்பு, சக்கரம் தனி. ஆட்டோவில் கால் வைக்கிற இடத்தில் செருகலாம், நானுஓயா ரயிலில் சீட்டுக்கு அடியில் போகாவிட்டாலும் கதவோரம் நிறுத்தலாம். பார் வெட்டுவதற்கு முன்னால் நீங்கள் வழக்கமாக எடுக்கிற ஆட்டோவை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இப்படி நிறுத்திய சட்டம் முன்னும் பின்னுமாகப் பெட்டி சரிவதுபோல் சரியும், குறுக்கே இழுத்துப் பிடிக்க ஏதாவது வேண்டும். இதற்கு சைக்கிள் பிரேக் கேபிள் போதும். ஒவ்வொரு நீளப் பக்கத்திலும் மூலையிலிருந்து மூலைக்கு இரண்டு கேபிள், எக்ஸ் போல. இழுக்கும்போது கேபிள் இரும்புக் கம்பியாக நிற்கும், மடக்கும்போது சுருண்டுகொள்ளும், பாரம் இல்லை, எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஒரு முனையில் சைக்கிளிலேயே வருகிற முறுக்குத் திருகை வைத்தால் தளர்ந்தபோது முறுக்கிக்கொள்ளலாம். எக்ஸ் நடுவில் கேபிள்கள் உரசுகிற இடத்தில் பழைய ட்யூப்பிலிருந்து ஒரு விரல் நீள ரப்பர் உறை மாட்டுங்கள். ஹப்புத்தளைக் காற்றில் வெறும் கேபிள் ரீங்காரம் போடும். அது பூம் மைக்கில் நன்றாகவே விழும்.

சக்கரம் இரண்டே இரண்டு, பெரியதாக. 12½ × 2¼ என்று டயரில் எழுதியிருக்கும், பிள்ளைகள் சைக்கிளுக்கும் தள்ளுவண்டிக்கும் போடுகிற காற்று டயர், ஆரம் கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர். படி சக்கரத்தின் ஆரத்தைவிடச் சின்னதாக இருக்க இருக்க ஏறுவது லேசு, ஆரத்துக்குச் சமமான படியில் நேரே இழுத்தால் ஏறவே ஏறாது. ஏற்றத்தில் வண்டியைத் தள்ளாமல், நீங்கள் மேலே நின்று, சக்கரம் பின்னால் வருகிறபடி இழுங்கள். சைக்கிள் முன்சக்கரத்தை அப்படியே மாட்டிவிடலாம் என்று தோன்றும், அதன் மெல்லிய ஆக்சில் இரண்டு பக்கமும் தாங்கப்பட வேண்டியது, ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் வளைந்துவிடும். லேத்தில் ஒரு ஹப் கடைந்து 6001 பெயரிங் இரண்டு போடச் சொல்லுங்கள், அதன் துளை சரியாக 12 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் இரும்பு ரொட் நேரே நுழையும். ரொட் முனையில் துளை போட்டு, ஆர் எழுத்துப்போல் வளைந்த கம்பியான ஒரு ஆர் கிளிப். கிளிப்பைப் பிடுங்கினால் சக்கரம் கையோடு வரும். டயரில் காற்றை முழுக்க இறுக்காமல் கொஞ்சம் மெத்தென்று விட்டால் கல் ரோட்டின் அதிர்ச்சி ரெக்கோடருக்குப் போகாது.

முன்பக்கம் சக்கரத்துக்குப் பதில் இரண்டு கால். 25 பாருக்குள் 20 பார் நுழையும், இடையில் விடுகிற ஆட்டத்துக்கு பிளாஸ்டிக் பட்டை ஒட்டிக்கொள்ளலாம், 25 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு பின் வைத்தால் கால் நீளும் குறையும். கால்களை அடிச்சட்டத்துக்குக் கீழே கீலில் மடங்குகிறபடி வையுங்கள், நிற்கும்போது ஒரு பின் அதைப் பூட்டட்டும். முனைக்கு, வயசானவர்கள் கைத்தடிக்குப் போடுகிற ரப்பர் குமிழ், பார்மசியில் கிடைக்கும். கால் தரையில் பட்டவுடன் வண்டி நின்றுவிடும், தனியாகப் பிரேக் தேவையில்லை. சரிவில் நிறுத்தும்போது சக்கரம் மேட்டுப் பக்கம், கால் பள்ளத்துப் பக்கம். 10 பாகைச் சரிவில் சக்கரத்துக்கும் காலுக்கும் இடையிலான 55 சென்டிமீட்டருக்குள் தரை 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், கால் அவ்வளவு நீண்டால் தட்டு மட்டமாக நிற்கும்.

கவிழ்வதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள், இலட்சக்கணக்கில் பெறுமதியான சாமான் மேலே இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையே 50 சென்டிமீட்டர் என்றால் நடுவிலிருந்து ஒரு பக்கம் 25. பாரத்தின் மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் 22 பாகைச் சாய்வில் வண்டி கவிழத் தயாராகிவிடும். அதை 45க்கு இறக்கினால் 29 பாகை வரை தாங்கும். அகலத்தைக் கூட்ட முடியாது, கூட்டினால் தேயிலைப் பாதையில் செடி இடிக்கும், ஆகவே பாரத்தை இறக்குவதுதான் வழி. பெட்டரியும் கேபிளும் மைக் பெட்டியும் அடித்தட்டில், அதிலும் சக்கரத்துப் பக்கமாக. மேலே ரெக்கோடர் பை மட்டும். அந்தப் பையை மேல்தட்டில் இரண்டு பட்டியால் இறுக்குங்கள், இரண்டு கிளிப்பைத் தட்டினால் பை அப்படியே தோள் பட்டிக்கு மாற வேண்டும். கொழுந்து எடுக்கிற மலைக்குள் காட்சி என்றால் வண்டி கார்ட் ரோட்டிலேயே நிற்கும், நீங்கள் பையோடு உள்ளே இறங்குவீர்கள்.

தூக்குகிற கைப்பிடிகள் மேல்தட்டின் பக்கச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கட்டும். 20 பாரில் நாலு, முன்னும் பின்னும் வெளியே இழுக்கலாம். அடிச்சட்டத்தில் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் பாரம் முழுக்க கைக்கு மேலே நிற்கும், படியில் ஒருவர் கால் தடுமாறினால் புரண்டுவிடும். மேல்தட்டில் பிடித்தால் பாரம் கைக்குக் கீழே தொங்கும், ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக இறங்கும்போதும் தானாக நிமிர்ந்துகொள்ளும். தட்டின் உயரம் 93 சென்டிமீட்டருக்குக் கிட்ட இருப்பதால் கை மட்டும் கொண்டு தூக்குவது சிரமம். இரண்டு அங்குல நாடாவில் வளையம் தைத்து, கைப்பிடியில் மாட்டி, தோளில் போட்டுக்கொள்ளுங்கள். கை சமநிலைக்கு, தோள் பாரத்துக்கு. உருட்டும்போது அதே முன்கைப்பிடிதான் இழுக்கிற பிடி.

தட்டுகளுக்கு 6 மில்லிமீட்டர் பிளைவூட், ஓரம் நன்றாக வார்னிஷ் குடித்திருக்க வேண்டும், மேலே மெல்லிய ரப்பர் விரிப்பு. அலுமினியத் தகடு பாரத்தில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் அதன்மேல் ஒரு பென்சில் விழுந்தாலும் தாளம் கேட்கும்.

மின்சாரத்துக்கு லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி, 12.8 வோல்ட், 20 அம்பியர் மணி. 256 வோட் மணி சேமிக்கும். உங்கள் சாமான்கள் எல்லாம் சேர்ந்து 25 வோட் இழுத்தால், ஐந்தில் நாலு பங்கு பாவித்தாலே 8 மணித்தியாலம். கிட்டத்தட்ட அதே கொள்ளளவு ஈய அமில பெட்டரி இதைப்போல் இரண்டு மடங்கு கனக்கும். பியூஸை பெட்டரி முனைக்கு ஒட்டினாற்போல் போடுங்கள், தூரத்தில் போட்டால் இடையில் வயர் உரசிச் சுடும்போது அது காப்பாற்றாது.

அன்டெனா கம்பத்துக்கு பின்சட்டத்தின் தலையில் ஒரு குழல் விடுங்கள், தலைக்கு மேலே உயரட்டும். மூடுபனி வயர்லஸைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, ஈர இலையும் நடுவில் நிற்கிற மனித உடம்பும்தான் சிக்னலைக் குடிக்கும்.

வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை விடாது, ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் வெயில் கிடைக்கும். எந்தப் பக்கம் வேலை என்றாலும் மூடி வேண்டும். வெறும் படங்கை, அதாவது தார்ப்பாயைப் போட்டால் துளி ஒவ்வொன்றும் படபடவென்று அடிக்கும், லயத்து வாசலில் நடிகருக்குப் பத்தடி தூரத்தில் வண்டி நின்றால் வசனத்தோடு அதுவும் பதிவாகும். படங்குக்கு மேலே ஒரு துண்டுக் கம்பளி விரியுங்கள், துளி அதில் விழுந்து சத்தமில்லாமல் அமுங்கிவிடும். நனைந்தால் கனக்கும், ஆகவே மேல்தட்டு அளவுக்கு மட்டும் வெட்டுங்கள், நகரும்போது பிழிந்துவிடுங்கள். மைக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் எப்போதும் இருக்கட்டும். சாதாரண கண்டென்சர் மைக் ஈரத்தில் படபடக்கும், சென்ஹைசர் 416 போன்ற ரேடியோ அலைவரிசை முறையில் இயங்குகிறவை இந்த விஷயத்தில் நன்றாகத் தாங்கும்.

முழுக்கப் பூட்டியானதும், ஊர் அடங்கின நேரத்தில் வண்டியில் எல்லாச் சாமானையும் ஏற்றி, ஒரு மீட்டர் தள்ளி பூம் மைக்கை நிறுத்தி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒருவரை வண்டியை மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். டிக் டிக் என்றால் பின் துளையில் ஆடுகிறது, பின்னுக்கு ஒரு சுற்று டேப். கிறீச் என்றால் அலுமினியத்தில் அலுமினியம் உரசுகிறது, அங்கே பிளாஸ்டிக் வொஷர். கலகல என்றால் பின்னைக் கட்டின சங்கிலி, அதை நைலோன் நூலுக்கு மாற்றிவிடலாம். ஒவ்வொன்றாகப் பிடித்து அமைதியாக்கிய பிறகு கல் ரோட்டில் ஒரு நடை உருட்டிக் கொண்டுவந்து மறுபடி கேளுங்கள். முதல் சில ஷூட்டிங் முடியும்வரை மாலையில் மடக்கும்போது ஒவ்வொரு நட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள், கேபிள் திருகை அரைச் சுற்று இறுக்குங்கள், பைக்குள் மிச்சமாக இரண்டு ஆர் கிளிப், ஒரு பிரேக் கேபிள், ஒரு ட்யூப் போட்டு வையுங்கள்.